பெர்னதெத்தின் இடது கண்

எங்கள் சந்தில் யாரைக் கேட்டாலும், பெர்னதெத்துக்கு மாதா வெளிச்சம் காட்டினாள் என்றுதான் சொல்வார்கள். கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நான் பக்கத்து வீட்டுக்காரி, மிஷன் பள்ளிக்கூடத்தில் வாத்தியாரம்மா. அவளைக் கண் டாக்டரிடம் அழைத்துப் போனவள் நான். அந்த வெளிச்சம் எங்கிருந்து வந்தது என்று டாக்டர் சொன்னதைப் பக்கத்தில் நின்று கேட்டவளும் நான்தான். ஆனால் நான் வெஸ்லியன் சபைக்காரி. மாதாவைப் பற்றி வாயைத் திறந்தால், டீச்சர் வேற சபை, அவங்களுக்கு என்ன தெரியும் என்று ஊதித் தள்ளிவிடுவார்கள். அதனால்தான் எழுதி வைக்கிறேன்.

இப்போது சிவாஜிநகர் என்கிறார்கள், அப்போது பிளாக்பள்ளி. மார்க்கெட்டின் இறைச்சிக் கடைகளைத் தாண்டினால் எங்கள் சந்து. பெர்னதெத்தின் அப்பா மதலைமுத்து, கண்டோன்மெண்டில் ஒரு கர்னல் வீட்டில் பட்லராக இருந்து காலமானவர். அவருக்கு இரண்டு பெண்கள். மூத்தவள் பெர்னதெத், இளையவள் டோரதி. டோரதியைக் கட்டிக்கொண்ட ஓஸ்வால்ட், மாமனார் வீட்டிலேயே தையல் மெஷினைப் போட்டு உட்கார்ந்துவிட்டார். பெர்னதெத்துக்குக் கல்யாணம் அமையவில்லை. காரணம் கண்ணாடி. சின்ன வயதிலிருந்தே அவளுக்குக் கிட்டத்தில் இருப்பது மட்டும்தான் தெரியும். வருஷா வருஷம் கண்ணாடி தடித்துக்கொண்டே போய், முப்பத்தைந்து வயதில் அசல் சோடாபுட்டி ஆகிவிட்டது. பெண் பார்க்க வந்தவர்கள் காபியைக் குடித்துவிட்டு நல்ல பிள்ளைகளாக எழுந்து போனார்கள்.

ஆனால் அவளுக்குக் குரல் இருந்தது. அந்தக் குரலுக்காகத்தான் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் அவளை எடுத்தார்கள். ஆங்கிலோ இந்தியப் பெண்களுக்கு நடுவில் ஒரே தமிழச்சி. அவள் முன்னால் ஒரு பெரிய பலகை. ஒவ்வொரு வீட்டுக் கம்பிக்கும் அதில் ஒரு சின்னப் பித்தளை மூடி. யாராவது தங்கள் வீட்டில் கைப்பிடியைச் சுற்றினால் இங்கே மூடி விழும். உடனே கயிற்றைச் சொருகி, யார் வேண்டும் என்று கேட்க வேண்டும். மழைக்காலத்தில் காற்றடித்துக் கம்பிகள் உரசினாலும் மூடி விழும். மறுமுனையில் ஒருவரும் இருக்க மாட்டார்கள். ஆனாலும் விழுந்த மூடியைக் கேட்காமல் தூக்கி நிறுத்தக் கூடாது என்பது அங்கே சட்டம். காற்று தள்ளினாலும் மனிதர் தள்ளினாலும் மூடி ஒரே மாதிரிதான் விழும், பார்த்தால் வித்தியாசம் தெரியாது என்று அவளே எனக்குச் சொல்லியிருக்கிறாள்.

1934, ஆகஸ்ட் கடைசி. மாதா திருநாளுக்கு முந்தின ஒன்பது நாள் சொல்லும் நவநாள் ஜெபம் தொடங்கியிருந்தது. கண்டோன்மெண்ட் முழுக்கப் பெரிய கோயிலுக்குப் போய்விடும். எங்கள் சந்து முனையில் இருந்த சின்னக் கோயிலுக்குச் சந்துக்காரர்கள் மட்டும்தான். அதைப் பார்த்துக்கொண்டவர் உபதேசியார் ஞானசேகரன். கெட்ட மனிதர் இல்லை. வெள்ளையடிப்பதும் அவர், மணி அடிப்பதும் அவர். தன் கோயிலுக்கும் ஒரு கூட்டம் வராதா என்று வருஷம் பூராவும் ஏங்குகிறவர். அந்த ஏக்கம்தான் எல்லாவற்றையும் கெடுத்தது என்பது என் எண்ணம்.

சாயங்கால ஜெபத்தில் பெர்னதெத் முழந்தாள் போட்டுத் தரையில் நெற்றி படக் கும்பிட்டாள். இடது கண்ணின் ஓரத்தில் பளீரென்று ஒரு வெளிச்சம், வில் மாதிரி வளைந்து வந்து போயிற்று. நிமிர்ந்து பார்த்தாள். இடது பக்கம் மாதா சுரூபம் நின்றது. அங்கே மெழுகுவர்த்தி கூட ஏற்றியிருக்கவில்லை. மறுபடி கும்பிட்டாள். மறுபடி வந்தது. வீட்டுக்குப் போய் டோரதியிடம் சொன்னாள். டோரதி அந்த நிமிஷமே உபதேசியாரிடம் ஓடினாள்.

வேறொரு பெயருள்ளவள் சொல்லியிருந்தால் கண்ணைக் கழுவிக்கொள் என்றிருப்பார்கள். முந்தின டிசம்பரில்தான், மாதாவைக் கண்ட லூர்து நகரத்துப் பெர்னதெத்துக்கு ரோமாபுரியில் அர்ச்சிஷ்ட பட்டம், அதாவது புனிதை என்ற பட்டம், கொடுத்திருந்தார்கள். பூசைக்குப் பூசை அதே பேச்சு. இப்போது இங்கே ஒரு பெர்னதெத், அதுவும் நவநாளில், அதுவும் கும்பிடும்போது மட்டும். பெரிய கோயில் சுவாமியார் மட்டும், பொறுங்கள், யாரிடமும் சொல்லாதீர்கள் என்றார். சந்தில் ஒருவர் காதிலும் அது ஏறவில்லை.

இரண்டொரு நாளில் கோயில் நிரம்பியது. பெர்னதெத்தை வாசலிலிருந்து பீடம் வரை முழந்தாளில் நடக்கச் சொன்னார்கள். நேர்ச்சைக்காரர்கள் செய்வதுதான். ஆனால் அவள் மற்றவர்களுடைய வேண்டுதலையும் சேர்த்துச் சுமந்துகொண்டு, ஜெபமாலையில் பத்துப் பத்து மணி உருண்டதும் நெற்றியைத் தரையில் பதித்துப் பதித்து நடந்தாள். ஒவ்வொரு முறையும் வெளிச்சம் வந்தது. பிறகு கண்ணுக்குள் கொசுக்கூட்டம் மாதிரி கறுப்புப் புள்ளிகள் பறந்தன. அது பாவிகளின் ஆத்துமாக்கள் என்று யாரோ விளக்கம் சொன்னார்கள். 

அவளுக்கு அது பிடித்திருந்தது. அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஊரே அவள் குரலைக் கேட்டது, ஒருவரும் அவள் முகத்தைப் பார்த்ததில்லை. இப்போது பெண்கள் அவள் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். முதல் தடவையா என்னைத் தேடி வர்றாங்க டீச்சர் என்று வெட்கப்பட்டுக்கொண்டே சொன்னாள்.

திருநாளுக்கு முந்தின நாள், எக்ஸ்சேஞ்சில் பலகையின் கீழ் வரிசை இடது ஓரத்து மூடிகள் விழுவதை அவள் கவனிக்கவே இல்லை. மேற்பார்வைக்காரி மிஸ் மௌரீன் திட்ட வந்தவள், அவள் இடது பக்கம் கையால் துழாவுவதைப் பார்த்துவிட்டு, உடனே ஆஸ்பத்திரிக்குப் போ என்று அனுப்பிவிட்டாள். வலது கண்ணை மூடிக்கொண்டு பார்த்தால் கீழிருந்து ஒரு சாம்பல் நிழல் ஏறி நிற்கிறது என்றாள் பெர்னதெத். டோரதிக்குக் கோயில் அலங்காரம் இருந்தது. நான் பள்ளிக்கு லீவு சொல்லிவிட்டு ஜட்கா பிடித்தேன்.

டாக்டர் கஸ்தூரிரங்கன் கண்ணில் மருந்து விட்டு, இருட்டறையில் ஒரு சின்னக் கண்ணாடியால் வெளிச்சத்தைத் திருப்பி வெகுநேரம் உள்ளே பார்த்தார். பார்த்து முடித்ததும் முதலில் அவளை நாற்காலியில் சாய்ந்து அசையாமல் உட்காரச் சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பி, வலது கண்ணை மூடிக்கொண்டு, இமையின் வெளி ஓரத்தை விரலால் மெல்ல அழுத்தச் சொன்னார். அழுத்தினேன். மூக்குப் பக்கமாக ஒரு வெளிச்ச வளையம் தெரிந்தது.

"அழுத்தினது விரல். தெரிஞ்சது வெளிச்சம்," என்றார் டாக்டர். "ரெடினாவுக்கு ஒரே ஒரு பாஷைதான் தெரியும். வெளிச்சம் பட்டாலும் வெளிச்சம்னு சொல்லும், பிடிச்சு இழுத்தாலும் வெளிச்சம்னுதான் சொல்லும்."

ரெடினா, அதாவது விழித்திரை என்பது, கண்ணின் பின்சுவரில் ஒட்டியிருக்கும் ஈர வெங்காயத்தோல் மாதிரி ஒரு சவ்வு என்று விளக்கினார். அத்தனை மெல்லியதிலும் அடுக்கடுக்காக உயிரணுக்கள். ஓர் அடுக்கு வெளிச்சத்தைப் பிடிக்கும். அடுத்த அடுக்குகள் பல அணுக்களின் சேதியை ஒன்றாகச் சேர்த்து, எதை அனுப்புவது, எதை விடுவது என்று அங்கேயே தீர்மானிக்கும். மேலடுக்கிலிருந்து கிளம்பும் இழைகள் ஒரே நரம்பாகத் திரண்டு கண்ணுக்குப் பின்னால் வெளியேறும். பாதி இழைகள் வழியில் மறுபக்கம் தாண்டி, கடைசியில் பின்மண்டைக்குப் போய்ச் சேரும். பார்ப்பது அங்கேதான். கண் வெறுமனே சேதி சொல்கிறது. வந்த சேதி மெய்யா பொய்யா என்று மூளைக்குத் தெரியாது, வந்ததை நம்பிவிடும்.

பெர்னதெத்தின் கண் நீண்ட கண். உள்ளே இருக்கும் கூழ் சுருங்கி, சவ்வைப் பிடித்து இழுத்திருக்கிறது. அதுதான் வெளிச்சம். தலையை வேகமாகக் குனியும்போதெல்லாம் இழுப்பு, இருட்டில் இன்னும் பளிச்சென்று தெரியும். இழுத்து இழுத்து மேல் பக்கம் கிழிந்துவிட்டது. கசிந்த ரத்தம்தான் கறுப்புப் புள்ளி. கிழிசல் வழியாக நீர் உள்ளே போய்ச் சவ்வைச் சுவரிலிருந்து பெயர்க்கிறது. கண்ணில் உருவம் தலைகீழாக விழுவதால் மேலே பெயர்ந்தால் கீழே இருட்டு. சவ்வுக்குச் சாப்பாடு பின்னாலிருக்கும் கறுப்புத் தோலிலிருந்துதான் வருகிறது. விலகிய இடம் பட்டினி கிடந்து சாகும்.

"நடு இடம் இன்னும் ஒட்டிண்டிருக்கு. படிக்கிறது, முகம் பார்க்கிறது எல்லாம் அதாலதான். அது போயிடுத்துன்னா அப்புறம் என்னால ஒண்ணும் பண்ண முடியாது," என்றார். சீமையில் சூடு வைத்து ஒட்டுகிறார்களாம், அவர் அதுவரை செய்ததில்லை. இரண்டு கண்ணையும் கட்டி, தலைக்கு இரு பக்கமும் மணல் மூட்டை வைத்து, வாரக்கணக்கில் அசையாமல் படுக்க வைத்தால் சவ்வு தானே படியலாம். படிந்தால் சூடு வைத்துப் பார்க்கலாம். இன்றைக்கே சேர வேண்டும். வலது கண்ணும் இதே ரகம், அதையும் மறக்கக் கூடாது.

மாற்றுத் துணி எடுத்துக்கொண்டு தங்கையிடம் சொல்லிவிட்டு வருவதாக அவள் கேட்டாள். டாக்டருக்கு மனமில்லை. ஜட்காவை மெதுவாக ஓட்டச் சொல்லுங்கள் என்று மட்டும் சொன்னார். வழியில் சக்கரம் ஒரு குழியில் இறங்கியபோது அவள் இடது கண்ணைப் பொத்திக்கொண்டாள். வெளிச்சம் வந்ததாம். குழியில் விழுந்தாலும் மாதா வருகிறாளா என்று கேட்டேன். அவள் சிரித்துவிட்டாள். அப்போது அவளுக்கு எல்லாம் புரிந்திருந்தது, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

வீட்டு வாசலில் கூட்டம். ஆடுகோடியிலிருந்து ஒருத்தி காய்ச்சலில் துவண்ட குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்திருந்தாள். உபதேசியார் நடுவில் நின்றார். டாக்டர் சொன்னதை நான் ஒன்றுவிடாமல் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு என்னை விட்டுவிட்டு அவளிடம் பேசினார்.

"டாக்டர் சொல்றது சரியாவே இருக்கட்டும்மா. மாதா காட்டினாலும் அந்த நரம்பு வழியாத்தானே உனக்குத் தெரியணும்? இழுக்கிறது யாருன்னு டாக்டருக்கு எப்படித் தெரியும்?"

  பெர்னதெத் அந்தக் குழந்தையைப் பார்த்தாள். அதன் அம்மா பெர்னதெத்தின் காலடியில் உட்கார்ந்துவிட்டாள். டோரதி அக்காவின் தலையில் முக்காட்டை இழுத்துவிட்டாள். நான் பெர்னதெத்தின் கையைப் பிடித்துக்கொண்டு, பைத்தியமா உனக்கு, ஜட்கா காத்திருக்கிறது என்றேன்.

"டீச்சர், மூடி விழுந்தா யாருன்னு கேட்டே ஆகணும்," என்றாள் அவள். "காத்துதான்னு நினைச்சுக்கிட்டு கேக்காம விட்டா, நிஜமாவே யாராவது கூப்பிட்டிருந்தா? இன்னிக்கு ஒரு தடவை கேட்டுட்டு வந்துடறேன்."

எத்தனையோ வருஷம் கைக்குப் பழகிய சட்டம். புத்திக்குத் தெரிந்ததையெல்லாம் அது ஒரே தள்ளில் தள்ளிவிட்டது. ஊரில் எந்த முட்டாளுக்கும் இந்தத் தப்பைச் செய்ய வராது, அவளுக்குத்தான் வரும்.

அன்று சாயங்காலம் கோயில் கொள்ளாத கூட்டம். பெர்னதெத் வாசலிலிருந்து முழந்தாளில் நகர்ந்தாள். நான் உள்ளே போவதில்லை என்று இருந்தவள், அன்று சுவரோரமாக அவளோடு கூடவே நடந்தேன். ஒவ்வொரு முறை அவள் நெற்றி தரையைத் தொடும்போதும் எனக்குள் ஏதோ கிழிந்தது. பீடத்தடியில் கடைசி முறை குனிந்து எழுந்தவள், இரண்டு கையையும் விரித்தாள். "வெளிச்சம், வெளிச்சம்," என்றாள். மத்தாப்பு கொட்டியது போல இருந்ததாம். கூட்டம் மாதாவே மாதாவே என்று அலறியது. மணி அடித்தார்கள். உபதேசியார் கன்னத்தில் கண்ணீர் ஓடியது.

அவள் மட்டும் அப்படியே உட்கார்ந்திருந்தாள். வலது கண்ணைக் கையால் மூடினாள், திறந்தாள், மறுபடி மூடினாள். நான் கூட்டத்தை இடித்துக்கொண்டு போய்ப் பக்கத்தில் குனிந்தேன்.

"கேட்டேன் டீச்சர். அங்க யாரும் இல்ல," என்றாள்.

கீழிருந்து ஏறிய நிழல் மேல்வரை மூடிவிட்டிருந்தது. ஆஸ்பத்திரியில் கண்ணைக் கட்டிக்கொண்டு, மணல் மூட்டைகளுக்கு நடுவே அவள் கிறிஸ்துமஸ் வரை கிடந்தாள். அவிழ்த்தபோது இடது கண்ணுக்குப் பகலும் இரவும் ஒன்றுதான். ஆடுகோடிக் குழந்தை பிழைத்துக்கொண்டது. பிள்ளைக் காய்ச்சல், தானே இறங்கியிருக்கும். சந்தில் அப்படியா சொல்வார்கள்? கண்ணை ஒறுத்தலாகக் கொடுத்துக் குழந்தையை வாங்கினாள் என்று சொன்னார்கள். டோரதி அதை வேதவாக்காகப் பிடித்துக்கொண்டாள். பாவம், வேறு எப்படி நினைத்தாலும் அவளால் தாங்க முடிந்திருக்காது.

பிறகு ஒற்றைக் கண்ணோடு வேலைக்குப் போனாள். ஐந்து வருஷம் கழித்து வலது கண் ஓரத்திலும் வெளிச்சம் வந்தது. இந்த முறை அவள் யாரிடமும் சொல்லாமல், பலகையை மௌரீனிடம் ஒப்படைத்துவிட்டு அங்கேயே பெஞ்சில் அசையாமல் படுத்துவிட்டாள், அப்படியே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார்கள். கஸ்தூரிரங்கன் அதற்குள் சூடு வைக்கக் கற்றிருந்தார். ஒட்டியது. ஏழெட்டு மாதம் தாங்கியது. மறுபடி பெயர்ந்தது. டாக்டர் என்னிடம் தலையை ஆட்டிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

முழு இருட்டு வந்து சில வாரம் ஆனதும், அவளுக்கு எதிரே ஒரு பெண் வந்து நின்றாள். இதை என்னிடம் மட்டும்தான் சொன்னாள். நீல முக்காடு, நெற்றியில் விழுந்த ஒரு மடிப்பு, கை நகம் வரை தெரிகிறதாம். கண்ணாடி போட்டிருந்த காலத்தில்கூட எந்த முகமும் அவளுக்கு அவ்வளவு துல்லியமாகத் தெரிந்ததில்லையாம். நான் டாக்டரிடம் போய்க் கேட்டேன். கண்ணிலிருந்து சேதி நின்றுபோனால் சிலருக்கு மூளை சும்மா இருக்காது, தானே வரைந்து தானே பார்க்கும், புத்தி கெட்டது என்று அர்த்தமில்லை என்றார். அதை அவளிடம் சொன்னேன். அவள் தலையாட்டினாள். டோரதி ஒவ்வொரு திருநாளுக்கும், அக்கா, ஏதாச்சும் தெரியுதா என்று கேட்பாள். ஒண்ணுமில்ல, இருட்டு என்பாள் பெர்னதெத். எதிரே அந்தப் பெண் நின்றுகொண்டிருப்பாள்.

யுத்தம் முடிந்த வருஷம். மறுபடி நவநாள். டோரதியின் மகள் பெட்டிக்குப் பதினைந்து வயது, பெரியம்மாவைப் போலவே சோடாபுட்டிக் கண்ணாடி. அன்று நான் பெர்னதெத்துக்குப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். பெட்டி கோயிலிலிருந்து வந்து கட்டிலோரம் உட்கார்ந்தாள். 

"பெரியம்மா, கும்பிடறப்போ ஓரத்துல பளிச்சுனு வருது," என்றாள்.

பெர்னதெத் எழுந்தாள். கையால் துழாவிப் பெட்டியின் தலையைப் பிடித்தாள். அசையாமல் அப்படியே படு என்று தன் கட்டிலில் அவளைக் கிடத்தினாள். தலைக்கு இரு பக்கமும் தலையணையை அண்டக் கொடுத்தாள்.

"அம்மாட்ட சொன்னியா?"

"அப்பவே சொல்லிட்டேன்."

சந்தில் ஜெபமாலைச் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். முன்னால் டோரதி, பக்கத்தில் கிழடு தட்டிப்போன உபதேசியார், பின்னால் மெழுகுவர்த்தியோடு அரைச் சந்து. டோரதியின் முகத்தில் இருந்த சந்தோஷத்தை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.  நான் சொல்லி யார் கேட்கப் போகிறார்கள்?

பெர்னதெத் சுவரைத் தடவிக்கொண்டு வாசலுக்கு வந்து, இரண்டு நிலைக்காலுக்கும் நடுவில் நின்றாள். ஜெபம் அடங்கியது. அவள் குரல் எப்போதும் போலத் தெளிவாக இருந்தது.

"நான் மாதாவைப் பாக்கல. அன்னிக்கும் பாக்கல, அதுக்கப்புறமும் ஒரு நாளும் பாக்கல. சிலுவை மேல சத்தியமா சொல்றேன். எனக்கு வந்தது வியாதி, இவளுக்கும் அதேதான். என் தங்கச்சி மகளை முழந்தாள் போட வைக்கணும்னா என்னை மிதிச்சுட்டுப் போங்க."

டோரதி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். பதினோரு வருஷமாக அவள் பிடித்துக்கொண்டிருந்தது கையை விட்டுப் போயிற்று. அவள் அழுத அழுகை மனிதர் அழுகிற மாதிரி இல்லை. உபதேசியார் கையிலிருந்த மெழுகுவர்த்தியை ஊதி அணைத்தார். ஓஸ்வால்ட் கதவுப் பலகையைக் கழற்றி எடுத்து வந்தார். அதில் பெட்டியை மல்லாக்கப் படுக்க வைத்து, தலையை நான் பிடித்துக்கொள்ள, நாலு பேர் மெதுவாக ஆஸ்பத்திரிக்குச் சுமந்தார்கள். கிழிசல் சின்னது, சவ்வு இன்னும் பெயரவில்லை. சூடு வைத்த தழும்போடு அந்தக் கண் இன்றுவரை பார்க்கிறது. இன்னொரு கண் எப்போது என்று யாருக்கும் தெரியாது. அவள் வேகமாகத் தலையைத் திருப்பினால் வீட்டில் எல்லாரும் பேச்சை நிறுத்திவிடுகிறார்கள்.

மறுநாள் பெர்னதெத்திடம் போனேன். நீ பேசினது பெரிய காரியம் என்றேன். அவள் அதைக் காதில் வாங்கவில்லை.

"நான் சத்தியம் பண்றப்போ அவங்க எதிர்லயேதான் நின்னாங்க டீச்சர்."

டாக்டர் சொன்னதை மறுபடி சொல்லப் போனேன். தெரியும் என்று கையமர்த்தினாள்.

"மூளை வரையறதுதான்னு எனக்குத் தெரியும். ஆனா நிஜமாவே மாதாவா இருந்திருந்தாலும் நான் இல்லன்னுதான் சொல்லியிருப்பேன்."

அதன் பிறகு மூன்று வருஷம் இருந்தாள். மாதாமாதம் சுவாமியார் வீட்டுக்கே வந்து பாவசங்கீர்த்தனம் கேட்டார். அந்தச் சத்தியத்தை ஒரு தடவைகூடப் பாவமென்று அவரிடம் அவள் சொல்லவில்லை. ஏன் என்று கேட்டதற்கு, சொன்னால் அதற்காக மனஸ்தாபப்படச் சொல்வார், அதற்கு மனம் வருந்த என்னால் முடியாது என்றாள். நீல முக்காட்டுக்காரி அப்போதும் அங்கேதான் நின்றாள்.